பெயரறிவும் பொருளறிவும்

இலக்கியம் பயிலும் மாணாக்கர் பலரிடம் இரண்டு கொப்பிகள் இருப்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். ஒன்றிலே பாட்டும் உரையும் எழுதப்பட்டிருக்கும். மற்றொன்றிலே உவமை, உருவகம், உள்ளுறை, இறைச்சி, அசை, சீர், தளை, தொடை என்றிவ்வாறு சொற்கள் ஒரு பக்கத்தும், அவற்றின் வரைவிலக்கணங்கள் மறுபக்கத்தும் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். பரீட்சைக்கு முதல்நாள் இரவில் மாணாக்கர் கையில் இருப்பது இந்த இரண்டாவது கொப்பியே. பாட்டுக் கொப்பி பைக்குள்ளே உறங்கும். இவ்வழக்கத்தை மாணாக்கர் தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அவர்களைப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களே. அவ்வாசிரியர்களுள் நானும் ஒருவன். ஆதலின், பிறர்மேற் குற்றஞ் சாட்டுதற்கன்று, என்மேலுள்ள குற்றத்தை ஒப்புக்கொண்டு அதன் வழியாக ஒரு கருத்தைச் சொல்லுதற்கே இதனை எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணாக்கருக்குத் தவணைப் பரீட்சையிலே அகநானூற்றின் 46ஆம் பாட்டைக் கொடுத்து, அதன் நயத்தை விளக்குமாறு வினவியிருந்தேன். அள்ளூர் நன்முல்லையார் பாடிய மருதத்திணைப் பாட்டு அது. சேற்றில் நிற்றலை வெறுத்த எருமையொன்று, ஊரார் உறங்கும் இரவிலே கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு புறப்படுகின்றது. முள்வேலியைக் கொம்பினாலே அகற்றுகின்றது. பொய்கையில் இறங்கி, மீன்கள் வெருண்டோட, வள்ளைக்கொடி சிக்குண்ண, வண்டு மொய்க்கும் தாமரையை மேய்கின்றது. இத்தகைய ஊரை உடையவனே என்று தலைவனை விளித்துத் தோழி அவனுக்கு வாயில் மறுக்கின்றாள். பரத்தையை நாடிச் சென்று மீண்டவன் அத்தலைவன்.

விடைத்தாள்களுள் இரண்டு என் நினைவில் நிற்கின்றன. ஒரு மாணவன் உள்ளுறை உவமத்தின் வரைவிலக்கணத்தை எழுத்துப் பிழையுமின்றி எழுதியிருந்தான். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு அது தோன்றும் என்பதையும் மறந்தானில்லை. அதன் பின்னர், "இப்பாட்டில் எருமையின் செயல் மிக அழகாக வருணிக்கப்பட்டுள்ளது, எனவே இதில் உள்ளுறை அமைந்துள்ளது" என்று முடித்திருந்தான். எருமை எதற்காக வந்தது என்பதை அவன் அறியான். மற்றது ஒரு மாணவியின் விடை. உள்ளுறை என்னும் சொல் அதில் ஓரிடத்தேனும் இல்லை. தோழி எருமையைப் பற்றிப் பேசவில்லை, தலைவனைப் பற்றியே பேசுகின்றாள் என்று அவள் எழுதியிருந்தாள். கயிற்றை அறுத்தது யார், வேலி எந்த வீட்டின் காவல், தாமரை யாரைக் குறித்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தாள். நேரே பழித்தால் அவனும் எதிர்த்துப் பேசுவான், எருமையைச் சொன்னால் அவனுக்குத் தலைகுனிவதன்றி வேறு வழியில்லை என்பது அவள் கண்ட முடிவு.

நான் முதலாவது விடைக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளியும், இரண்டாவது விடைக்கு நான்கு புள்ளியும் இட்டேன். "கலைச்சொற் பிரயோகம் இல்லை" என்று சிவப்பு மையாற் குறிப்பும் எழுதினேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அம்மாணவி என் மேசையருகே வந்து, "நான் எழுதினது பிழையோ ஐயா?" என்று கேட்டாள். "பிழையில்லைப் பிள்ளை, ஆனால் அதற்குரிய சொல்லை எழுதவில்லையே" என்றேன். அவள் சிறிது நேரம் நின்றுவிட்டு, "ஆளைத் தெரிஞ்சிருந்தாலும் பேர் தெரியாட்டில் தெரியாததுதானோ ஐயா?" என்றாள். வகுப்பு மணி அடித்தது. அதனைச் சாட்டாகக் கொண்டு நான் எழுந்து சென்றேன். அடுத்த தவணையில் அவள் தமிழை விட்டு வேறொரு பாடத்துக்கு மாறினாள். காரணத்தை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஆகவே கலைச்சொற்களே வேண்டா, பாட்டைச் சுவைத்தால் அமையும்" என்றார். இக்கூற்று இனிமையானது, எனினும் நான் உடன்படேன். அம்மாணவி ஒரு பாட்டிலே ஒன்றைக் கண்டாள். அதற்கு உள்ளுறை என்று பெயருண்டு என்பதை அறிந்திருந்தால், அடுத்த பாட்டில் நீர்நாயையும், அதற்கடுத்த பாட்டில் நண்டையும் காணும்போது, "இதுவும் அதுவோ?" என்று தானே வினவியிருப்பாள். பெயரின்றிக் கண்டது கண்டவரோடும் கண்ட இடத்தோடும் நின்றுவிடுகின்றது. பெயர் வந்தபின்னரே அது ஒப்புநோக்கவும், பிறருக்குச் சொல்லவும், பிறர் சொல்வதை மறுக்கவும் உதவுகின்றது. ஆகவே பெயரை வேண்டியது என் குற்றமன்று. அவள் பொருளைக் கண்டு பெயருக்காகக் காத்து நின்ற வேளையிலே அதனைக் கொடாமல், இல்லாமைக்குத் தண்டமாகப் புள்ளியைக் குறைத்ததே என் குற்றம்.

கலைச்சொல்லைக் கற்பிக்கும் முறையை நம் முன்னோர் அறியாதவரல்லர். யாப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்வோம். நேரசை இரண்டு சேர்ந்தால் தேமா. நிரையும் நேரும் சேர்ந்தால் புளிமா. நிரை இரண்டு சேர்ந்தால் கருவிளம். நேரும் நிரையும் சேர்ந்தால் கூவிளம். இவை வாய்பாடுகள் என்று மனனஞ் செய்விக்கின்றோம். ஆயின் இவற்றின் நுட்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தேமா என்னும் சொல்லே தேமாச் சீராய் நிற்கின்றது. புளிமா என்னும் சொல்லே புளிமாச் சீராய் நிற்கின்றது. பெயரும் எடுத்துக்காட்டும் ஒன்றேயாம்படி, வளவில் நிற்கும் மாமரத்தையும் கோயில் வீதியில் நிற்கும் வில்வத்தையும் அவர்கள் பெயராக இட்டார்கள். வெண்பாவின் ஈற்றுக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்பனவும் அவ்வாறே தம்மைத் தாமே காட்டி நிற்பன. வாயாற் சொன்ன அளவிலே காது பொருளை அறிந்துகொள்ளும். இத்தகைய சொற்களை நாம் காதுக்குக் கொடாமல் கொப்பிக்குக் கொடுத்துவிட்டோம்.

இப்போது நான் ஒன்பதாம் வகுப்பிலே அசை பிரித்தலைத் தொடங்கும்போது செய்யுளையே எடுப்பதில்லை. பேருந்து நிலையத்தில் நடத்துநர் கூவும் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்கின்றேன். நல்லூர் தேமா; கொழும்பு புளிமா; வவுனியா கருவிளம்; மாதகல் கூவிளம். பின்னர் மூவசைக்கு வருவோம். நேரசையில் முடிந்தாற் காய்; நிரையசையில் முடிந்தாற் கனி. "யாழ்ப்பாணம் காய், பருத்தித்துறை கனி" என்றவுடன் வகுப்பு முழுதும் சிரிக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் பருத்தித்துறைப் பிள்ளைகளுக்கும் சிறு வழக்கும் மூளுகின்றது. அவ்வழக்குத் தீருமுன்னே சீர் அவர்களுக்கு வசமாகிவிடும். அதன் பின்னர் காரிகையைத் திறந்தால், அங்கே காண்பது முன்பே பழகிய முகமாக இருக்கின்றது.

யாப்பிற்குச் சொன்னது ஏனைய சொற்களுக்கும் பொருந்தும். யாப்பு என்பது கட்டுதல். தளை என்பது கட்டு. தொடை என்பது தொடுக்கப்பட்டது. துறை என்பது மக்கள் நீருக்கு இறங்கும் வழி. இவை யாவும் வீட்டிலும் வயலிலும் ஆற்றங்கரையிலும் பிறந்து புலவர் அவைக்கு வந்த சொற்கள். பூத்தொடுத்த கைக்குத் தொடையை விளக்குவது அரிதன்று. பிறந்த இடத்தைக் காட்டாமல் வரைவிலக்கணத்தை மாத்திரம் காட்டும்போதுதான் அவை அயல்மொழிச் சொற்கள்போல ஆகிவிடுகின்றன.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு முப்பத்துநான்கு உறுப்புக்களைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று 'நோக்கு'. ஒரு செய்யுளைக் கேட்டவர் அதனை மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்க்குமாறு செய்யும் அமைதியே நோக்கு என்பது உரையாளர் விளக்கத்தின் சாரம். அசையும் சீரும் அடியும் ஒருபுறம் நிற்க, படிப்பவன் செயலையும் செய்யுளின் உறுப்பாக எண்ணிய அந்நுண்மையை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது. ஆயின் நம் வகுப்பறைகளில் நோக்கு என்பதும் முப்பத்துநான்கினுள் ஒரு பெயராக மனனஞ் செய்யப்படுகின்றது. நோக்கு என்னும் சொல்லைப் பிழையறச் சொல்லும் மாணவன் ஒரு பாட்டை இருமுறை நோக்குவதில்லை.

இந்நூல்கள் நமக்கு எளிதிற் கிடைத்தனவல்ல என்பதையும் இங்கே நினைத்தல் தகும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, 1885ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் ஆண்டாண்டாக உழைத்துத் தொல்காப்பிய உரைகளுக்குக் குறிப்பெழுதிப் பதிப்பித்தார். அவர்கள் காத்துத் தந்தது பரீட்சைக்கு முதல்நாள் இரவில் உருப்போட்டு, மறுநாள் மாலையில் மறத்தற்கன்று.

இனி, புதிய கலைச்சொற்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். படிமம், குறியீடு முதலிய சொற்கள் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலே மேலைத் திறனாய்வின் வழியாக நம் விமர்சனத்தில் வேரூன்றின. பண்டிதர் சிலர் இவற்றைக் கண்டால் முகஞ்சுளிப்பர். அது நம் மரபன்று. வீரசோழியமும் தண்டியலங்காரமும் வடமொழி அணியிலக்கணத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தபோது நம் முன்னோர் கதவடைத்தாரில்லை. அதற்கு முன்னரே தொல்காப்பியர் வனப்பு எட்டினுள் புதுவதாக யாக்கப்படும் செய்யுளுக்கு 'விருந்து' என்று பெயர் கொடுத்துவிட்டார். புதியதை விருந்து என்றழைத்த மொழியினர், புதிய சொல் வந்தால் வாசலில் நிறுத்திவைத்தல் முறையோ?

எனினும் விருந்தினரை வரவேற்றல் வேறு. வந்தவரை வீட்டிலுள்ள ஒருவரென்று மயங்குதல் வேறு. கடைகளில் விற்கும் கைந்நூல்களிலே ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எதிரெதிராக அச்சிடப்பட்டு, இதற்கு இது சமம் என்று முடித்துவிடப்படுகின்றது. குறியீடும் உள்ளுறையும் ஒன்றே என்று எழுதும் மாணாக்கரை ஆண்டுதோறும் காண்கின்றேன். இரண்டும் குறிப்பினாற் பொருளுணர்த்துவன என்பது உண்மை. ஆயின் உள்ளுறை திணைக்குரிய கருப்பொருளிலே காலூன்றி நிற்பது. எருமைக்குத் தலைவன், தாமரைக்குப் பரத்தை என உறுப்புக்கு உறுப்பு ஒத்து வருவது. இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்னும் கூற்றை விட்டு நீங்காதது. புதுக்கவிதையில் வரும் குறியீடு இக்கட்டுக்கள் எவற்றுக்கும் உட்பட வேண்டியதில்லை. ஒரு விளக்கோ ஒரு பாதையோ பாட்டு முழுதும் பல பொருளை நிழல்போலக் காட்டி நிற்கலாம். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டின் அழகும் கெடும்.

உருவகத்தின் நிலையும் இதுவே. அரிஸ்ரோட்டில் தம் கவிதையியலிலே, இனத்தின் பெயர் அதன் வகைக்கும், வகையின் பெயர் இனத்துக்கும், ஒரு வகையின் பெயர் மற்றொரு வகைக்கும், ஒப்புமைபற்றி ஒன்றன் பெயர் வேறொன்றுக்கும் பெயர்ந்து வருவன யாவற்றையும் ஒரே பெயரின் கீழ் அடக்கினார். மேலைநாட்டார் அச்சொல்லை இன்றும் ஆள்கின்றனர். நாமோ 'ஊர் சிரித்தது' என்பதை ஆகுபெயர் என்று சொல்லதிகாரத்திலும், 'கல்விக்கடல்' என்பதை உருவகம் என்று அணியிலக்கணத்திலும் பிரித்து வைத்துள்ளோம். எந்தப் பகுப்புச் சிறந்தது என்று வழக்காடுதல் வீண். இரண்டு பகுப்பும் மொழியை நோக்கிய இரண்டு நோக்குக்கள். வேற்றுமையை அறிந்த மாணவன் இரண்டு கண் பெற்றவன்; சமன் என்று மனனஞ் செய்தவன் இரண்டையும் இழந்தவன்.

நம் நாட்டிலே இப்பணியைச் செவ்வனே செய்தவர் உளர். விபுலானந்த அடிகள் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்கசூளாமணியிலே செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்பன அந்நூலின் மூன்று பகுதிகள். சொற்களையும் இலக்கணத்தையும் கூறியதோடு அமையாமல், பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டாக விரித்தமையை நோக்குக. எடுத்துக்காட்டு இலக்கணத்துக்கு ஒட்டிய வாலன்று. நூலின் நடுவுடல் என்பதை அந்நூலின் அமைப்பே நமக்குக் கற்பிக்கின்றது.

பின்வந்தோருள் 'மஹாகவி' உருத்திரமூர்த்தியை நினைக்கின்றேன். ஆங்கிலத்திலே லிமெரிக் எனப்படும் ஐந்தடி வேடிக்கைப் பாட்டைத் தமிழில் இயற்றியபோது, அவ்வடிவம் 'குறும்பா' என்னும் பெயர் பெற்றது; 1966ஆம் ஆண்டில் அப்பெயராலேயே நூலும் வெளிவந்தது. குறுகிய பா என்றும் கொள்ளலாம். குறும்பு செய்யும் பா என்றும் கொள்ளலாம். அச்சொல்லை யாரும் வரைவிலக்கணத்தோடு மனனஞ் செய்ய வேண்டியதில்லை. பாட்டைக் கேட்டுச் சிரித்தவருக்குப் பெயர் தானே விளங்கும். தேமாவும் குறும்பாவும் நெடுங்கால இடைவெளியுடையன. ஆயினும் பெயரிடும் நெறி ஒன்றே.

ஆகவே என்னையொத்த ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, வரைவிலக்கணத்தை மாத்திரம் எழுதும்படி கேட்கும் வினாவைக் கைவிடுவோம். இன்று எந்தச் சொல்லின் வரைவிலக்கணத்தையும் கைத்தொலைபேசியிலே கணப்பொழுதில் எடுத்துக்கொள்ளலாம். அதனை நினைவிற் சுமந்துவந்து தாளில் இறக்கிவைப்பதற்குப் புள்ளி வழங்குதல் சுமைகூலி கொடுப்பதை ஒக்கும். மாணாக்கர் முன் கண்டிராத செய்யுளைக் கொடுத்து, அங்கே என்ன நிகழ்கின்றது என்று கேட்போம். இரண்டாவது, கண்டதற்குப் பாதிப் புள்ளியும், கண்டதைச் சரியான பெயராற் சுட்டியதற்கு மீதிப் பாதியும் என்று வகுத்துக்கொள்வோம். பெயரைச் சுட்டியும் பொருளைக் காணாதவனுக்குப் பாதிக்கு மேற் கொடாதிருப்போம். மூன்றாவது, ஒரு தவணைக்கு நாற்பது சொற்களைக் கொடாமல் பத்துச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து பாட்டுக்களைக் காட்டுவோம். நான்காவதே எல்லாவற்றினும் முக்கியமானது. மாணவன் ஒருவன் தன் சொல்லால் ஒன்றைச் சரியாகச் சொன்ன கணத்திலே, "நீ கண்டதை நம் முன்னோரும் கண்டார்கள், அதற்கு அவர்கள் இட்ட பெயர் இது" என்று சொல்லத் தவறாதிருப்போம்.

பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது, பரீட்சை நம் கையில் இல்லை என்று ஆசிரியர்கள் கூறுவர். அது மெய்யே. பொதுப் பரீட்சை வினாத்தாளை நாம் மாற்ற இயலாது. ஆயின் தவணைப் பரீட்சையின் தாள் நம் கையால் எழுதப்படுவது. அதன் ஓரத்திலே சிவப்பு மையாற் குறிப்பெழுதும் பேனாவும் நம் கையிலேயே உள்ளது. நான் இட்ட நான்கு புள்ளியை எந்தப் பரீட்சைத் திணைக்களமும் என்னை இடச் சொல்லவில்லை.

மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. கலைச்சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டா. அதனைக் கொண்டு பிறரை அச்சுறுத்தவும் வேண்டா. ஒரு சொல்லைக் கற்றால், அது பொருந்தும் பாட்டொன்றை அன்றே தேடிப் படியுங்கள். பொருந்துவதுபோலத் தோன்றிப் பொருந்தாத பாட்டொன்றையும் தேடுங்கள். இரண்டாவது தேட்டமே மிகுந்த பயன் தரும்.

அம்மாணவி இப்போது எங்கேயோ ஓர் அலுவலகத்திலே கணக்கெழுதிக்கொண்டிருக்கலாம். அவள் கேட்ட வினாவுக்கு அன்று நான் சொல்லாத விடையை இன்று இங்கே சொல்கின்றேன். பிள்ளை, ஆளை நீ அறிந்திருந்தாய். வாயிலிலே இருவரையும் நிறுத்திவைத்துப் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியவன் நான். அந்தக் கடமையிலே தவறியது நானே, நீயல்ல.